காரம் சொல்ல ஓர் ஆள்

காரச் சுற்று வந்தபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு தட்டச்சுப் பயிற்சிக் கூடத்தின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் வாசகர் வட்டம் அது. அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இனிப்பு: எடுத்துக்கொண்ட புத்தகத்தில் நல்லதாகப் பட்டதைச் சொல்ல வேண்டும். அடுத்து காரம்: குறையைச் சொல்ல வேண்டும். எழுதியவரே நேரில் வந்திருந்தாலும் காரச் சுற்று முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. கடைசியில் காபி. வீட்டுக்கு வந்தவர்களை இந்த வரிசையில் உபசரித்தே பழகிய ஊர் என்பதால் யாருக்கும் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒழுங்கை வகுத்தவர் ராமாமணி. அன்று பேச்சுக்கு வந்தது அவர் எழுதிய நாவல். இன்னும் அச்சாகவில்லை. ஸ்பைரல் போட்ட பிரதிகளை ஒரு மாதம் முன்பே எல்லோரிடமும் கொடுத்திருந்தார்.

இனிப்பு அமோகமாக நடந்தது. வேளாண்மைத் துறையில் ஓய்வுபெற்ற திருமூர்த்தி, எழுபது வயதுக்காரர், பிரதியைத் தூக்கிப் பிடித்து, "நம்மூர்ல இப்படி ஒரு எழுத்து வந்து ரொம்ப நாளாச்சுங்க" என்றார். பல் மருத்துவர் மேக்னா, "ஒரே மூச்சுல முடிச்சேன் ஆன்ட்டி" என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"சரிங்க, காரத்துக்கு வாங்க" என்று ராமாமணி பேனாவைத் திறந்தார்.

மின்விசிறி சுற்றியது. திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லுங்கண்ணா."

"என்னத்தச் சொல்றதுங்கம்மணி. எல்லாமே நல்லாத்தான் இருக்குது."

"இத்தனை பக்கத்துல ஒரு குறை கூடவா இல்லீங்க?"

அவர் பிரதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மனமில்லாமல்தான் சொன்னார்: "ஸ்பைரல் கொஞ்சம் டைட்டா இருக்குதுங்க."

ராமாமணி பேனாவை மூடினார்.

அந்த மாடியில் பதினோரு வருடமாகக் காரம் பரிமாறியது அவர் ஒருவர்தான். அதைக் கேட்பதற்காகவே ஆட்கள் வருவார்கள். ஒரு பெரிய சரித்திர நாவலைப் பற்றி அவர் சொன்னது இன்னும் ஊரில் உலவுகிறது: "முதல் அத்தியாயத்துல குதிரை வாசலுக்கு வந்துருச்சுங்க. எட்டாவது அத்தியாயத்துலதான் இளவரசர் ஏறறார். அதுவரைக்கும் அந்தக் குதிரைக்குக் கொள்ளு வெச்சது யாருன்னு சொன்னா, நான் அவரைப் பத்திப் படிச்சுக்குவேன்." ஒரு கவிதைத் தொகுப்புக்கு: "கவிதையை விட அதுக்குக் கீழ விட்டிருந்த வெள்ளை இடம் நல்லாருந்துச்சு. அங்க தப்பு எதுவும் கண்ணுல படல." ஒரு மில் முதலாளியின் தன்வரலாற்றுக்கு: "இந்தப் புத்தகத்துல தப்பு செஞ்சவங்க எல்லாரும் மத்தவங்கதானுங்க. இவ்வளவு மோசமான ஆளுங்க மத்தியில இவரு ஒருத்தரு நல்லவரா இருந்து என்ன பாடு பட்டாரோ." அந்தப் புத்தகத்தின் முன்னுரைக்குத் தனியாக ஒன்று: "முன்னுரை எழுதினவரு புத்தகத்தைப் படிக்கலைன்னு தெரியுது. எழுதினவரும் திரும்ப ஒருக்கா படிக்கலைங்கறதுதான் என் சந்தேகம்."

இதெல்லாம் எங்கே கற்றது என்று கேட்டால் கம்பெனியில் என்பார். பம்ப் செட் செய்யும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. கடலூரிலிருந்து கர்நூல்வரை விவசாயிகள் எழுதும் கடிதங்களைப் பிரித்துப் படித்துப் பதில் போடுவது அவர் பொறுப்பு. தெலுங்கு பேசும் குடும்பம் என்பதால் ஆந்திரக் கடிதங்களும் அவரிடமே வரும். "மோட்டார் ஓடுது, தண்ணி வரல. முதல் வரியிலேயே எழுதிருவாங்க. ஏன்னா தோட்டத்துல பயிர் காயுது. எழுத்தாளருங்களுக்கு எதுவும் காயறதில்ல. அதனாலதான் சூரியன் உதிக்கறதுக்கே ஒன்னரைப் பக்கம் ஆகுது."

எழுத்தாளர்களை அவர் இரண்டு வகையாகப் பிரித்திருந்தார். தன் புத்தகத்தைப் படித்தாயிற்றா என்று கேட்பவர்கள் ஒரு வகை. எப்படியும் படித்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு கேட்காமலே இருப்பவர்கள் இன்னொரு வகை. "ரெண்டாவது வகைதான் நல்லது. காபி குடுத்தாப் போதும்."

அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்ற மறுமாதம் நாவல் எழுத உட்கார்ந்தார். திருப்பூர்ப் பக்கத்துப் பருத்தி ஜின்னிங் ஃபேக்டரிக் குடும்பம் ஒன்று, ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட மூன்று மருமகள்கள், பாகம் பிரியும் ஒரு வருடம். நான்கு வருடம் எழுதினார். முடித்துப் படித்துப் பார்த்தபோது வேகமாக இருந்தது. பல இடங்களில் அவருக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் மூடி வைத்தபின் மனதில் ஓர் ஆளும் தங்கவில்லை. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. எங்கே கோளாறு என்று அவருக்குப் பிடிபடவில்லை. அடுத்தவர் கிணற்றில் பார்த்தவுடன் சொல்லிவிடுகிற கண், தன் கிணற்றில் இருட்டைத்தான் பார்த்தது.

நேரமும் அதிகமில்லை. பெருந்துறையில் அச்சகம் வைத்திருக்கும் ஆறுச்சாமி, கார்த்திகை முடிவதற்குள் அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். தை பிறந்துவிட்டால் கல்யாணப் பத்திரிகைகள் குவியும். அப்புறம் மெஷின் நாவலுக்குக் கிடைக்காது. வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் சொல்லியாகிவிட்டது. "அச்சுல ஏறிட்டா அப்புறம் அது என் குறை இல்ல, காசு குடுத்து வாங்கறவங்க குறை" என்று கணவரிடம் சொன்னார். "அதுக்கு முன்னாடி யாராச்சும் எனக்கு உண்மையைச் சொல்லியாகணும்."

கணவர் பாலகோபால் நூற்பாலையில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். "நான்தான் சொன்னனே மணி. நல்லாத்தான் இருக்குது."

"காலைல உப்புமாவுக்கும் அதையேதானுங்க சொன்னீங்க."

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

ஞாயிறு கூட்டத்துக்கு அடுத்த நாள் ராமாமணி திருமூர்த்தியை ஃபோனில் பிடித்தார். அவர் படித்தாரா என்பதே சந்தேகம். அதனால் ஒரு பொறி வைத்தார்.

"அண்ணா, அந்த ஊட்டிக் கல்யாணம் வர்ற அத்தியாயம் கொஞ்சம் நீளமோன்னு தோணுதுங்க."

"சேச்சே, அதையெல்லாம் குறைச்சுப்போடாதீங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு."

நாவலில் ஊட்டியும் கிடையாது, கல்யாணமும் கிடையாது. ராமாமணி அதைச் சொன்னார்.

"தெரியுமுங்க" என்றார் திருமூர்த்தி. "ரெண்டு தடவை படிச்சனே. அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு பாத்தேன்."

ராமாமணி ஃபோனை வைத்தார். படிக்காதவர் பொய் சொன்னால் கோபப்படலாம். இரண்டு தடவை படித்தவர் மரியாதைக்காக இல்லாத அத்தியாயத்துக்குக் கண்ணீர் விட்டால் என்ன செய்வது? பதினோரு வருடமாக இவர்கள் எல்லோரும் காரத்தைத் தன்னிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. யார் மனமும் நோகாமல் பேசிப் பழகிய ஜனம். கசப்பைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததும் மொத்தத்தையும் அந்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டது. தானும் அதில் பெருமைப்பட்டுக்கொண்டு ஒருவருக்கும் பழக்கிவிடாமல் இருந்துவிட்டோம் என்று நினைத்தபோது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

சரி, மரியாதை பார்க்க அவசியமில்லாத ஆள் யார்? தன்மேல் கோபம் உள்ளவன்தான். அப்படி யோசித்ததும் ஒரு பெயர் வந்தது. தனபால்.

கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவர். ஆறு வருடத்துக்கு முன்னால் அவருடைய சிறுகதைத் தொகுப்பை மாடியில் பேசினார்கள். ராமாமணியின் காரம் இது: "பதினாலு கதைங்க. பதினாலுலயும் கடைசியில மழை வருது. கருமத்தம்பட்டியில இவ்வளவு மழை பேஞ்சிருந்தா எதுக்குங்க தண்ணி லாரி?" எல்லோரும் சிரித்தார்கள். விதிப்படி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த தனபால் காபி வாங்காமல் படியிறங்கிப் போனார். அப்புறம் வரவேயில்லை.

அவருக்கு ஒரு பிரதியைக் கூரியரில் அனுப்பிவைத்தார் ராமாமணி. பத்து நாள் பொறுத்தார். ஃபோன் வரவில்லை. காந்திபுரம் போய், கருமத்தம்பட்டி வழியாகப் போகும் அவிநாசி பஸ் ஏறினார்.

நால்ரோட்டில் இறங்கி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது தனபால் வாசலுக்கே வந்து, "வாங்கக்கா, வாங்க. ஃபோன் பண்ணியிருந்தா நானே வண்டி எடுத்துட்டு வந்திருப்பனே" என்றார். கோபத்தின் சாயலே இல்லை. அவர் மனைவி காபியும் நிலக்கடலையும் கொண்டுவந்து வைத்தார். இந்த ஆளும் நல்லவராகிவிட்டால் ராமாமணிக்குப் போக வேறு இடமில்லை.

"படிச்சீங்களா தம்பி?"

"படிச்சனுங்க. அருமையா வந்திருக்குதுங்க."

"குறைன்னு பாத்தா?"

"நம்ம சொல்றதுக்கு என்னங்க இருக்குது. நீங்க எவ்வளவு படிச்சவங்க."

"உங்க மழையைப் பத்தி நான் சொன்னதுக்கு என்மேல வருத்தம் இல்லையா?"

"அன்னைக்கு இருந்துச்சுங்க" என்று சிரித்தார். "அப்புறம் மழையை நிறுத்திப்போட்டேன். அடுத்த புத்தகத்துல ஒரு சொட்டு கிடையாது. காபி குடிங்கக்கா, ஆறுது."

அந்த நேரத்தில் பின்னாலிருந்த தறிக்கூடத்தில் ஏதோ நின்றுபோன சத்தம் கேட்டு, "ஒரு நிமிசமுங்க, நூல் அறுந்துபோச்சு" என்று தனபால் எழுந்து ஓடினார். ராமாமணி காபியை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

தறிக்கூடத்துக்குள் நுழைந்தால் காது அடைத்தது. நின்றுபோன தறியைத் தவிர மற்றவையெல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தன. தனபால் குனிந்து அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

"என்னங்க?" என்று கத்தினார் ராமாமணி.

"வெளிய போலாமுங்க, இங்க பேச முடியாது."

"இங்கயே சொல்லுங்க."

"என்னத்த?"

"நாவல்ல என்ன கோளாறு?"

தனபால் கையைக் காதருகே வைத்தார். ராமாமணி இன்னும் பக்கத்தில் போய்த் தொண்டை கிழியக் கேட்டார். அந்த இரைச்சலில் இழுத்துப் பேச முடியாது. பூசி மெழுக முடியாது. நாலு வார்த்தைக்கு மேல் போனால் தறி விழுங்கிவிடும். தனபால் அங்குமிங்கும் பார்த்தார். வீட்டு மரியாதைக்கு இங்கே இடமில்லை என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும்.

"ஊட்டுல ஒம்பது பேரு" என்று கத்தினார்.

"ஆமா."

"வாய் ஒண்ணுதான்."

ராமாமணி காதை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"எல்லாரும் நீங்க. அந்தப் பெரியவரு சாகப்போறாரு. அப்பவும் ஜோக்கு. பால்காரன் ஒரு பக்கந்தான் வாரான். அவனும் உங்களாட்டவே மடக்கறான். தொட்டில்ல ஒரு குழந்தை கிடக்குது. நல்லவேளை, அதுக்கு இன்னும் பேச்சு வரல."

தறி ஓடத் தொடங்கியது. சொன்னதற்காகத் தனபாலின் முகம் சிறுத்துப்போயிருந்தது. ராமாமணிக்குக் கன்னம் சுட்டது. அடுத்த நொடியே உள்ளுக்குள் ஏதோ தளர்ந்து இறங்கியது. தொண்டைக்குள் பல நாளாய்க் கிடந்த முள்ளை ஒருவர் இடுக்கியால் எடுத்து வெளியே காட்டியது போல. தான் சிரித்த இடங்கள் அத்தனையும் தன் குரலைக் கேட்டுத் தானே சிரித்ததுதான். அதில் அந்த வீட்டு ஜனம் ஒருவரும் பேசவில்லை.

வெளியே வந்ததும், "மனசுல வெச்சுக்காதீங்கக்கா, நானு ஏதோ..." என்று ஆரம்பித்தார் தனபால்.

"வெச்சுக்கத்தானுங்க வந்தேன்" என்றார் ராமாமணி. ஆறிய காபியை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

பஸ்ஸிலேயே ஆறுச்சாமியைக் கூப்பிட்டார். "அண்ணா, நிறுத்துங்க."

"மேடம், பிளேட் போட்டாச்சுங்களே."

"பிளேட்டை நான் பாத்துக்கறேன். மெஷின்ல ஏத்த வேண்டாம்."

"விழாவுக்கு மண்டபம் சொல்லியிருக்குதுங்க. ஊரெல்லாம் தெரியும். இந்த நேரத்துல நிறுத்தினா என்ன நினைப்பாங்க?"

"நல்லா இல்லாததை அடிச்சா என்ன நினைப்பாங்களோ, அதை விடக் கம்மியாத்தான் நினைப்பாங்க."

இரவுச் சாப்பாட்டுக்கு முன் வட்டத்தின் வாட்ஸப் குழுவில் விஷயத்தைப் போட்டார்: நாவலை நிறுத்தியாயிற்று, எல்லாப் பாத்திரங்களும் என்னைப் போலவே பேசுகிறார்கள். பதில்கள் மளமளவென்று வந்தன. திருமூர்த்தி: "கரெக்டாச் சொன்னீங்கம்மணி, எனக்கும் அதேதான் பட்டுச்சு." மேக்னா: "நானும் நினைச்சேன் ஆன்ட்டி, சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன்." மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ராமாமணி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சோதனைக்காக இன்னொரு வரி போட்டார்: அப்படியே அச்சிட்டுவிடலாமா என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. உடனே திருமூர்த்தி எழுதினார்: "அதுவும் நல்ல முடிவுதானுங்க."

பாலகோபால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அவங்களை விடு. நீ என்ன பண்ணப்போறே?"

"வாயை மூடப் பழகப்போறேன்."

அது நாவல் எழுதியதை விடக் கஷ்டமாக இருந்தது. காலையில் உழவர் சந்தைக்குப் பை எடுத்துக்கொண்டு போவார். காய் வாங்கிய பிறகும் நின்றுகொண்டிருப்பார். தக்காளி விற்கிற பெண், விலை பேசுகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், ஆஸ்பத்திரிச் செய்தி சொல்கிறவர்கள். முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்தது. யாரும் வாக்கியத்தை முடிப்பதில்லை. அழவேண்டிய இடத்தில் வெண்டைக்காய் விலையைக் கேட்கிறார்கள். கோபம் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். சாமர்த்தியமான பதில் ஒருவருக்கும் சரியான நேரத்தில் வருவதில்லை; வந்ததெல்லாம் அவருடைய நாவலில்தான்.

வீட்டுக்கு வந்து வெட்டினார். மூத்த மருமகளின் கூரான வரிகளை ஒவ்வொன்றாக எடுத்தபோது, அந்தப் பெண் பேசுவதை விட அதிகமாகச் சமையலறைப் பாத்திரங்களை இடம் மாற்றி வைக்கிறவள் என்று தெரியவந்தது. பால்காரன் பால் ஊற்றிவிட்டு, "நாளைக்கு வரமாட்டேங்க, தங்கச்சிக்குச் சீரு" என்று மட்டும் சொன்னான். பெரியவரின் மரணத்தைத் திருத்தி எழுத ஒரு மாதம் ஆயிற்று. கடைசி மூச்சில் அவர் சொல்வதாக எழுதியிருந்த வரி, ராமாமணி வாழ்க்கையிலேயே எழுதிய மிகச் சிறந்த வரி. மூன்று முறை அடித்துவிட்டு மூன்று முறை திரும்பச் சேர்த்தார். நான்காம் முறை அடித்துவிட்டு எழுந்து போய்த் துணி துவைத்தார். பெரியவர் இப்போது தண்ணீர் கேட்கிறார். கொண்டுவந்ததும் வேண்டாம் என்கிறார். அவ்வளவுதான்.

தை முகூர்த்தங்கள் போயின, வைகாசியும் போயிற்று. ஆறுச்சாமி ஆனிக் கடைசியில் கூப்பிட்டார். "மேடம், ஆடியில கல்யாணம் கிடையாது. மெஷின் சும்மாதான் கிடக்கும். ஆனா ஆடியில யாரும் நல்லது ஆரம்பிக்க மாட்டாங்களே."

"நாவல்தானுங்க. ஜாதகம் பாக்க வேண்டியதில்ல."

ஆனாலும் அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்திய பிரதியை ஒரே ஓர் ஆளுக்கு அனுப்பினார். நாலாம் நாள் தனபாலிடமிருந்து வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. பின்னால் தறிகள் தடதடத்தன. வேண்டுமென்றேதான் அங்கே நின்று பேசியிருக்கிறார்.

"அக்கா, பெரியவரு நல்லபடியாச் செத்துட்டாரு. பால்காரன் பால் ஊத்திட்டுப் போறான். மூத்தவ, நடுவுளவ ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும், எங்க வீதியில இருக்கறாங்க. மூணாவது மருமக மட்டும் இன்னும் நீங்கதான். அவளையும் மாத்திப்போடுங்க."

ராமாமணி இரண்டு முறை கேட்டார். பிரதியை எடுத்து மூன்றாவது மருமகள் வரும் பக்கங்களை நின்றபடியே படித்தார். வெட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தார். மாமியார் மாவு அரைக்கச் சொல்லும் இடத்தில் அவள் சொல்லும் பதிலில் கை நின்றது. மற்ற இரண்டு பேரும் சும்மா இருப்பதாலேயே இப்போது அந்தப் பதில் சுரீரென்று இருந்தது. அவள் பேசி முடித்ததும் அந்த வீட்டில் விழும் அமைதி முன்பு நாவலில் இருக்கவில்லை. அந்த அமைதியில் அவள் தனியாக நிற்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தனபாலைக் கூப்பிட்டார். அவர் தறிச்சத்தத்துக்கு நடுவில்தான் எடுத்தார்.

"தம்பி, அவளை விட்டுடுங்க."

"என்னங்க?"

"அவ அப்படியே இருக்கட்டும்."

"படிக்கறவங்க அது நீங்கதான்னு கண்டுபிடிச்சுருவாங்கக்கா."

"கண்டுபிடிக்கட்டும்" என்று ராமாமணி கத்தினார். அடுத்த அறையில் பாலகோபால் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார். "ஒம்பது பேரு இருக்கற ஊட்டுல ஒருத்தி அப்படித்தான் இருப்பா. அவளால அந்த ஊட்டுல யாருக்கும் நிம்மதி இல்ல, அவளுக்கும் இல்ல. அதையும் எழுதியிருக்கேன், கடைசி அத்தியாயத்தைத் திரும்பப் பாருங்க."

"இருங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தனபால் நின்ற இடத்திலேயே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார்.

"சரி" என்றார் தனபால். "இதுல நானு ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"நிசமாவா, மரியாதைக்கா?"

"தறிக்கூடத்துல நிக்கறேன் அக்கா."

ராமாமணி ஃபோனை வைத்தார். அடுத்ததாக ஆறுச்சாமியின் எண்ணை அழுத்தி, அவர் சௌக்கியம் விசாரிக்க ஆரம்பிப்பதற்குள், "நாளைக்கே மெஷின்ல ஏத்துங்கண்ணா" என்றார்.